கோயிலின் வயதைத் தூண் எப்படிச் சொல்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறாளாம். "சிலை பார்ப்பதும் படம் பார்ப்பதும் ரசனை. அதில் ஆராய்ச்சி என்ன இருக்கிறது? கோயிலின் வயது தெரியவேண்டுமென்றால் கல்லைக் கொஞ்சம் சுரண்டிக் கார்பன் டேட்டிங்குக்கு அனுப்பினால் போதாதா?" என்று கேட்கிறார்.

கார்பன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கார்பன்-14 முறை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் செல்லும். மரம், எலும்பு, கரி, உமி. உயிர் போனதும் புதிய கார்பன் உள்ளே வருவது நின்றுவிடும். இருக்கும் கார்பன்-14, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். பள்ளியில் படித்ததுதான். கருங்கல்லுக்கு மூச்சும் கிடையாது, சாவும் கிடையாது. பாறையின் வயதை அளக்க வேறு முறைகள் உண்டு. ஆனால் அவை பாறை உருவான காலத்தைச் சொல்லும், சிற்பி உளி வைத்த நாளைச் சொல்லாது. "எங்கள் ஊர்க் கோயில் 5,000 வருஷப் பழசு, விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்" என்று வாட்ஸாப்பில் வந்தால், எந்தப் பொருளை எந்த முறையில் அளந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். எனக்கு இதுவரை பதில் வந்ததில்லை. திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் பாடியது 7-ஆம் நூற்றாண்டில். அதனால் தலம் பழையது என்று தாராளமாகச் சொல்லலாம். இன்று நாம் சாய்ந்து உட்காரும் தூணும் அப்பர் காலத்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஓவியத்தில் வேதியியல் உதவும். பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த நிறம். ஒரு சுவரோவியத்தில் அது இருந்தால், அதற்குப் பிறகு யாரோ அதில் தூரிகை வைத்திருக்கிறார்கள். செப்புத் திருமேனிக்குள் வார்ப்பு மண் மிச்சமிருந்தால், அது கடைசியாகச் சூடான காலத்தை வெப்ப ஒளிர்வு முறையில் கணக்கிடலாம். சரி, வெறும் கல்லுக்கு என்ன வழி? இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது: போதிகை.

கோயில் மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். தூணின் உச்சிக்கும் மேலே படுத்திருக்கும் உத்தரத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் ஒரு கல் இருக்கும். அதுதான் போதிகை. அது அழகுக்காக வந்ததல்ல. ஒரு சாக்பீஸை நிற்க வைத்து அழுத்துங்கள், தாங்கும். இரண்டு முனையையும் பிடித்து வளைத்தால் பட்டென்று உடையும். கல்லும் அப்படித்தான்: அழுத்தத்துக்கு வீரன், இழுவைக்கு நோஞ்சான். இரண்டு தூண்களுக்கு நடுவே கிடக்கும் உத்தரம் லேசாகத் தொய்யும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும். சீராகப் பரவிய பாரத்தில் இந்த வளைவு விசை இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பத்தடி இடைவெளியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி போதிகை நீண்டால், மிஞ்சுவது எட்டடி. 10-இன் வர்க்கம் 100, 8-இன் வர்க்கம் 64. ஏறத்தாழக் கணக்கில், இரண்டடியைக் குறைத்ததற்கே வளைவு விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது! இந்தக் கணக்கை எந்த ஸ்தபதியும் காகிதத்தில் போட்டிருக்க மாட்டார். உடைந்த உத்தரங்கள் சொல்லிக் கொடுத்திருக்கும்.

போதிகையின் மேல்பக்கத்துக்கு உத்தரத்தைத் தாங்கும் வேலை இருக்கிறது, அதனால் அது தட்டையாகவே இருந்தாகவேண்டும். அடிப்பக்கத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. சிற்பியின் கை அங்கே விளையாடலாம், விளையாடியிருக்கிறது. பல்லவர் காலத்தில் அடிப்பக்கம் வளைந்து, அலை அலையாக உருளைகள் செதுக்கி, நடுவில் ஒரு பட்டை ஓடும். அது தரங்கப் போதிகை. முற்காலச் சோழர் வேலையில் அலைகள் போய், சாய்வாகச் சீவிய வெட்டுப் போதிகை வருகிறது. நடுவில் நாக்கு நீட்டியதுபோல் ஒரு துண்டு, அதை மதலை என்பார்கள். பிற்காலச் சோழரில் அந்த நாக்கு நீண்டு, பக்கங்கள் குழிந்து, மணி போல ஆகிறது. விஜயநகரக் காலத்தில் அதன் நுனியிலிருந்து பூமொட்டு ஒன்று கீழே இறங்குகிறது. நாயக்கர் காலத்திலும் அதற்குப் பிறகும் மொட்டு பெருத்து, மடல் விரித்து, வாழைப்பூவாகவே தொங்குகிறது. இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு செடி ஆயிரம் வருஷம் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பூத்ததுபோல் இருக்கும். நான் முதன்முதலில் இதை உணர்ந்த நாளில், போகிற கோயிலில் எல்லாம் சாமி கும்பிட மறந்து அண்ணாந்தபடி நடந்து யார் யார் மீதோ இடித்துக்கொண்டேன்.

இந்த வரிசையை முறையாகத் தொகுத்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். பாண்டிச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். 1914-இல் பாரிசில் வெளியான அவருடைய ஆய்வு இந்தச் சின்னச் சின்ன உறுப்புகளை வைத்தே தென்னிந்தியக் கோயில்களைக் காலவாரியாகப் பிரித்தது. உள்ளூர்க் கல்தச்சர்களிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். காலம் தெரிந்த கோயில்களை முதலில் வரிசையாக நிறுத்தி, எந்த உறுப்பு எந்தத் திசையில் மாறுகிறது என்று பார்த்து, காலம் தெரியாத கோயிலை அந்த வரிசையில் பொருத்துவது, இதுதான் முறை. பாறை அடுக்குகளில் புதைபடிவங்களை வைத்து வயது சொல்லும் புவியியலாளர் செய்வதும் இதே.

சாமி சிலையை விட்டுவிட்டுப் போதிகையை ஏன் பிடிக்கவேண்டும்? சிலைக்குச் சாத்திரம் உண்டு. எத்தனை கை, எந்தக் கையில் மழு, எந்தக் கையில் மான் என்பதெல்லாம் சிற்பியின் இஷ்டமில்லை. போதிகையை அரசனும் பார்க்கமாட்டான், குருக்களும் பார்க்கமாட்டார். அங்கே சிற்பி, தன் பட்டறையில் பழகியபடி யோசிக்காமல் செய்கிறான். யோசிக்காமல் செய்ததில்தான் காலம் ஒட்டிக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் படித்த இத்தாலியர் மொரெல்லி, ஓவியங்களில் முகத்தை விட்டுக் காது மடலையும் விரல் நகத்தையும் ஒப்பிட்டு வரைந்தவர் யார் என்று சொன்னதும் இதே யுக்தியால்தான்.

ஆனால் போதிகை நாள்காட்டி இல்லை. முற்காலச் சோழர் கோயில்களிலும் தரங்கம் உண்டு. அதனால் ஒரே உறுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கூரை விளிம்பில் வரும் லாட வடிவக் கூடு, தூணின் உச்சியிலுள்ள பலகை, சிலை நிற்கும் சுவர் மாடமான கோட்டத்தின் தோரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நானே ஒருமுறை ஒரு முன்மண்டபத்தில் மொட்டுமில்லாத பூவுமில்லாத மொட்டைப் போதிகைகளைப் பார்த்துவிட்டு, பழசு என்று பக்கத்திலிருந்தவரிடம் அளந்துகொண்டிருந்தேன். திருப்பணி வேலையில் இருந்த வயதான கல்தச்சர் ஒருவர் சிரித்துவிட்டார். "அது எங்க தாத்தா காலத்துல வெச்சது தம்பி. பணம் பத்தல, பூ செதுக்காம ஏத்திட்டாங்க."

கல்வெட்டு இருந்தால் சந்தேகமே இல்லை என்றும் நினைக்கவேண்டாம். சுவரில் ஒரு அரசனின் கல்வெட்டு இருந்தால், அவன் காலத்தில் சுவர் இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வோம். சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக மாற்றியபோது, பழைய சுவரில் இருந்த தானக் கணக்குகள் அழியக்கூடாது என்று புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். திருக்கோடிக்காவலில் அப்படி வெட்டியவற்றில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்றே குறிப்பு இருக்கிறது. அதாவது பழைய கல்லின் நகல். எழுத்தில் வரும் அரசன் ஒரு காலம், சுவர் இன்னொரு காலம். நாணயமான ஆட்கள், நகல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சொல்லாத இடத்தில் எழுத்தின் வடிவமும் போதிகையும்தான் காட்டிக்கொடுக்கவேண்டும்.

அதே செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில்தான் நம் விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில். அங்கே கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர் சிலை திருடுபோய், 2004-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைக்குப் போனது. 2014 செப்டம்பரில் டெல்லியில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் சிலை என்று எப்படி நிரூபித்தார்கள்? புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சிலை கோட்டத்தில் நின்றபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அதில் இருந்தது. எடுத்தவர்கள் திருடனைப் பிடிக்க எடுக்கவில்லை. பாணிகளை ஒப்பிட எடுத்தார்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டுக்கேட்டே இத்தகைய ஆவணப் பணிக்குக் காசு கொடுக்க மறுப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. கும்பாபிஷேகத்துக்குக் கோடிக்கணக்கில் வசூல் ஆகிறது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு தூணையும் அளந்து படமெடுத்து வைக்க ஒரு ஆள் போடுவதில்லை. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த சுவரில் கல்வெட்டு எழுத்துகள் மொழுக்கென்று ஆகியிருப்பதையும், போதிகை மொட்டுக்குப் பச்சை எனாமல் அடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். யாரைக் குறை சொல்வது, பக்தியில்தான் செய்கிறார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பரோடா பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுக்குத் தனித் துறையே உண்டு. இளங்கலையில் வரலாறோ தமிழோ படித்துவிட்டும் வரலாம். கிரந்தம், வட்டெழுத்து, கொஞ்சம் சமஸ்கிருதம், முடிந்தால் பிரெஞ்சு என்று பழைய எழுத்துகளும் மொழிகளுமாகப் பாரம் கூடும். அதெல்லாம் பிறகு. முதலில் அவளை ஒரு காலைப்பொழுது பாகூருக்கு அனுப்புங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பவேண்டும். மூலநாதர் கோயிலில் "கச்சியும் தஞ்சையும் கொண்ட" கன்னரதேவன், அதாவது 10-ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டைப் பிடித்த ராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லவேண்டாம். விமானச் சுவரின் அரைத்தூண்களில் நாலைந்து போதிகைகளைப் பென்சிலால் வரையட்டும். போனில் எடுத்தால் கண் பார்க்காது, போன்தான் பார்க்கும். காலம் எது என்று ஓரத்தில் எழுதிவிட்டு, அப்புறம் கல்வெட்டோடு ஒப்பிடட்டும். வெயில் சாய்வாக விழும்போதுதான் செதுக்கல் நிழல் கொடுக்கும், அதனால் ஏழு மணி வாக்கில் போய்விடுவது நல்லது. உச்சிவேளைக்கு நடை சாத்திவிடுவார்கள்.