ஆண்குறியை இழுத்துப் பிழியும் பயிற்சி: உள்ளே ரத்த ஓட்டத்துக்கு என்ன நேர்கிறது?

கிளினிக் மூடும் நேரத்தில் வந்தார் அந்தச் செம்பனைத் தோட்டத்து இளைஞர். தாதி வெளியே போகும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, "டாக்டர், தோலுக்கு அடியில் கம்பி மாதிரி ஏதோ ஓடுகிறது" என்றார்.

ஆண்குறியின் மேல்பக்கத்தில் முறுக்கிய கயிறு போல ஒரு நாளம் தடித்துக் கிடந்தது. விரலை வைத்தால் உருண்டது. இரு பக்கமும் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. மூன்று மாதமாக, காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன், சந்தையில் வாங்கிய அட்டைப்பூச்சி எண்ணெயைத் தடவி, இரண்டு விரல்களை வளையமாக்கி, அடியிலிருந்து நுனிவரை இருபது நிமிடம் பிழிந்து இழுத்திருக்கிறார். கைப்பேசியில் பார்த்துக் கற்றதாம். ஆவணியில் கல்யாணம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இத்தனை ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். இதே காயத்தோடு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

ரத்தத்தை நிறையத் தள்ளினால் உறுப்பு பெரிதாகிவிடும் என்பதுதான் இந்தப் பயிற்சியின் கணக்கு. ஆனால் விறைப்பு வரும் விதமே வேறு. உள்ளே கடற்பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு குழல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள மெல்லிய தசைகள் சாதாரண நேரத்தில் இறுகியே இருக்கும். ஆசை எழும்போது நரம்பு நுனிகளும் ரத்த நாளங்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, தசை தளர்கிறது; ரத்தம் தானாக உள்ளே வருகிறது. (இந்த வாயு ரத்த நாளங்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.) நிறைந்த பஞ்சு, வெளியேற்றும் சிரைகளைத் தன் உறையோடு அழுத்தி மூடிவிடுவதால் ரத்தம் அங்கேயே தங்குகிறது. எல்லாமே தசை தளர்வதில் தொடங்குகிறது. வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தத்துக்கு இதில் வேலையே இல்லை.

பிழியும்போது நடப்பது வேறு. நுண்ணிய நாளங்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. திசுவில் நீர் கோக்கிறது. அந்த வீக்கத்தைத்தான் வளர்ச்சி என்று நம்புகிறார்கள். சிறிது நேரத்தில் அது வற்றிவிடும். மேல்பக்கச் சிரையில் ரத்தம் உறைந்தால் இந்த இளைஞருக்கு வந்ததுபோல் கயிறாகத் தடிக்கும். அதைவிட நான் அஞ்சுவது பஞ்சுக் குழல்களைச் சுற்றியிருக்கும் உறையில் விழும் கீறல்களை. தளர்ந்த நிலையில் அந்த உறை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்பு. விறைக்கும்போது அதில் பாதிகூட இருக்காது. கீறல் ஆறிய இடத்தில் தழும்பு வரும். தழும்புக்கு விரியத் தெரியாது. மற்ற பக்கம் விரிய, அந்தப் பக்கம் விரியாமல் உறுப்பு வளைந்துவிடும். இந்த வளைவு நோயை 1743இலேயே பெய்ரோனி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார்.

என் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. அந்த இளைஞருக்கு இதைச் சொன்னேன். அவருடைய தாத்தாவும் சீவியவர்தான். உடனே புரிந்துகொண்டார்.

அளந்தும் பார்த்தேன். முற்றிலும் இயல்பான அளவு. 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையின் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர். மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்குத் தன் உறுப்பு குட்டையாகவே தெரியும். தொப்பை இருந்தால் இன்னும் குட்டையாகத் தெரியும். இழுவைக் கருவி என்று ஒன்று இருப்பது உண்மைதான். பெரும்பாலும் வளைவு நோய்க்காக, மருத்துவர் மேற்பார்வையில், மாதக்கணக்கில் அணிவது அது. அதற்கும் இந்தப் பிழிதலுக்கும் சம்பந்தமில்லை.

விறைப்பு குறைந்ததால் இதே பயிற்சியில் இறங்கியவர்களும் உண்டு. லாரி ஓட்டும் ஓர் அண்ணனுக்கு ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 14 மில்லிமோல் என்று மிக அதிகமாகக் காட்டியது. அவருக்கே தெரியாது. ஆண்குறித் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத் தமனிகள் 3 முதல் 4. அடைப்பு முதலில் குறுகலான இடத்தில்தானே தெரியும்? விறைப்புக் குறைவு, சில ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். அந்த அண்ணனுக்குத் தேவைப்பட்டது சர்க்கரை மருந்து. அதை விட்டுவிட்டு நான்கு மாதம் எண்ணெய் தேய்த்திருக்கிறார்.

'ஆண்மைக் காப்பி'யையும் தொடாதீர்கள். பொட்டலத்தில் எழுதாமல் சில்டெனாபில் (வயாகரா மாத்திரையில் உள்ள மருந்து) கலந்து விற்கப்படுவது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின்கீழ் மாத்திரை வைப்பவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

இளைஞரிடம் பயிற்சியை நிறுத்தச் சொல்லி, வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, ஸ்கேன் எடுக்க ஈப்போவுக்கு அனுப்பினேன். ஏழு வாரத்தில் கயிறு கரைந்தது. வளைவு இல்லை.

விறைத்த நிலையில் 'படக்' என்று சத்தம் கேட்டு, உடனே தளர்ந்து வீங்கினாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி எந்தச் சந்தேகத்துக்கும் கிளினிக்குக்கு வரலாம். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான். முகப்பில் காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொன்னாலே போதும்.