சட்டையர் என்றால் அங்கதம்

‘அமைதிப்படை’ டிவியில் ஓடும்போதெல்லாம் “செம பொலிட்டிக்கல் சட்டையர்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சட்டையர், லத்தீனின் ‘சதுரா’விலிருந்து வந்த சொல். நிறைந்தது, கலவையானது என்று பொருள். பலவகைக் கனிகளை நிறைத்துத் தெய்வத்துக்குப் படைத்த தட்டுக்கு ‘லாங்க்ஸ் சதுரா’ என்று பெயர். கண்டதையும் கலந்து பாடிய செய்யுளுக்கு ரோமர்கள் அதே பெயரை வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தின் ஆட்டுக்கால் ‘சாட்டிர்’களோடு இதை முடிச்சுப் போட்டு நெடுநாள் பேசிவந்தார்கள். 1605-ல் ஐசக் கசோபன் என்ற அறிஞர்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது:

“அங்கதம் தானே அரில்தபத் தெரியின்
செம்பொருள் கரந்தது எனஇரு வகைத்தே.”

முகத்துக்கு நேராகத் திட்டினால் செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்று பெயர். பழிப்பை உள்ளே ஒளித்துச் சொன்னால் பழிகரப்பு.

பழிகரப்புக்கு ஔவையை மிஞ்ச ஆளில்லை. அதியமானின் தூதராகப் போனவரிடம் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். ‘அடடா, உன் வேல்களுக்கு மயிற்பீலி, மாலை, நெய்ப்பூச்சு! எங்கள் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி உடைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன’ என்கிறார் (புறநானூறு 95). புகழ்வதுபோல் பழிக்கும் இந்த வகையை அணி இலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்கிறது.

சரி, சினிமாவுக்கு வருவோம். சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1971) இரண்டு வகையையும் கலந்து அடிக்கும். பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் இந்தியப் பிரதமராகிப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குவதும், கட்சி தாவி வந்தவர்களைத் துணைப் பிரதமர்களாக்குவதும் கரந்தது. ஊடே வரும் நேரடிக் குத்தல்கள் வசை.

மணிவண்ணன் இயக்கிய ‘அமைதிப்படை’யில் (1994) வசைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காதது அந்த நாற்காலிக் காட்சிதான். வாக்கு எண்ணிக்கை ஏற ஏற, நுனியில் பவ்யமாக உட்கார்ந்திருந்த அமாவாசை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்கிறார். வாயால் ஒரு வார்த்தை திட்டவில்லை, எல்லாம் சத்யராஜின் உடம்பு பேசுவது. என் கணக்கில் நம் சினிமாவின் ஆகச் சிறந்த பழிகரப்பு அதுதான்.

நையாண்டி, நக்கல் எல்லாம் பக்கத்து வீட்டுச் சொற்கள். யாரையும் எதற்கும் நையாண்டி செய்யலாம். பகடி என்பது பாரடி, அதாவது ஒன்றைப் போலச் செய்து கிண்டலடிப்பது. அங்கதத்தில் பழிக்க ஒரு குற்றம் இருந்தாக வேண்டும். அதனால் பொலிட்டிக்கல் சட்டையருக்கு ‘அரசியல் அங்கதம்’ கச்சிதமாகப் பொருந்தும். அப்புறம், பழைய நூல்களில் அங்கதம் என்றால் தோளில் அணியும் வளை என்றும் வரும். அது வடமொழி வழி வந்த வேறு சொல்.