மாடித்தோட்டத் தளை: கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

மாடித்தோட்டத் தளை என்பது பை, தென்னை நார்க்கட்டி, விதை, உரம் எல்லாம் சேர்த்து அரசு மானிய விலையில் தரும் தொகுப்பு. அதை வாங்கும் அலைச்சல் பெரும்பாலும் தவறான வாசலில்தான் தொடங்குகிறது. விதை என்றதும் பலர் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகிறார்கள். அங்கே ராகி, துவரை, நிலக்கடலை கிடைக்கும். மாடித்தோட்டத் தளை தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கிறது. இரண்டும் வேறு துறைகள், வேறு அலுவலகங்கள். "இங்கே இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள், எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை. ஏரியூர்க்காரர் தருமபுரிக்கும், தளிக்காரர் கிருஷ்ணகிரிக்கும் பஸ் ஏறத் தேவையில்லை. மாவட்ட அலுவலகத்துக்கே போனாலும் "உங்கள் வட்டாரத்தில் பாருங்கள்" என்றுதான் பதில் வரும்.

திட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 டிசம்பரில் தொடங்கியபோது தளையின் மதிப்பு 900 ரூபாய். மானியம் 675 போக நாம் கட்டியது 225. ஒருவருக்கு அதிகம் இரண்டு தளைகள். கிராமத்துக்கு 12 வகைக் காய்கறி விதைப் பொட்டலம் தனியாக வந்தது. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சை அடங்கிய பழச்செடித் தொகுப்பும் சேர்ந்தன. மானிய அளவு ஆண்டுதோறும் வரும் அறிவிப்பைப் பொறுத்தது. பழைய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி "225தானே" என்று வாதாடிப் பயனில்லை. இந்த ஆண்டு உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இது கழித்துக் கொடுக்கும் மானியம். முழு விலையைக் கட்டு, மீதி பிறகு வங்கிக்கு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "எழுதிக் கொடுக்க", "வண்டிக் கூலி" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்டிய தொகைக்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் பின்னால் எந்தப் புகாரும் நிற்காது.

அதிகம் பேர் ஏமாறுவது முகவரியில். மாடித்தோட்டத் தளை நகரத்தை நினைத்து வகுத்தது, விதைப் பொட்டலம் கிராமத்தை நினைத்து வகுத்தது. ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பலருடைய ஆதாரில் இன்னும் அரூர்ப் பக்கத்துச் சொந்த ஊர்தான் இருக்கும். குடியிருப்பது மாடி வீடு, ஆதார் சொல்வது ஊராட்சி. மாநகராட்சி எல்லைக்கு ஒரு தெரு தள்ளி இருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். வரிசையில் நின்று கடைசியில் திரும்புவதற்குப் பதில், "என் முகவரிக்குத் தளையா, விதைப் பொட்டலமா?" என்று முதலிலேயே கேளுங்கள். பொட்டலம்தான் என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். சிமென்ட் சாக்கில் மண் நிரப்பினாலும் வெண்டை காய்க்கும்.

சிட்டா, அடங்கல் கொண்டு வரச் சொன்னால், அவை நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கான மானியங்களுக்குக் கேட்பவை என்று சொல்லுங்கள். மாடிக்கு ஏது அடங்கல்? ஆதார் நகல், ஒரு புகைப்படம், அலைபேசி எண் கையில் இருக்கட்டும்.

அந்த எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. தோட்டக்கலைத் துறையின் இணையதளத்தில் பதிய நெட் சென்டருக்குப் போனால், அவசரத்தில் அவர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவதுண்டு. தளை வந்த தகவல் அங்கேதான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் எண் இருக்கிறதா என்று திரையைப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், பதிவு எண்ணைக் குறித்து வாங்குங்கள். பதிந்துவிட்டதாலேயே தளை கிடைத்துவிடாது. வட்டாரத்துக்கு இத்தனை என்று இலக்கு உண்டு, அது தீர்ந்தால் அடுத்த ஒதுக்கீடு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"தீர்ந்துவிட்டது" என்ற பதிலில் சந்தேகம் இருந்தால் சண்டை வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: இந்த நிதியாண்டில் எத்தனை தளைகள் வந்தன, எத்தனை எந்தத் தேதியில் வழங்கப்பட்டன, இருப்பு எவ்வளவு. இந்த மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-க்கும் அழைக்கலாம். எங்கே போனாலும் பதிவு எண்ணைச் சொன்னால்தான் வேலை நகரும்.

தளை கைக்கு வந்ததும் அங்கேயே பிரித்து எண்ணுங்கள். பை 6, இரண்டு கிலோ நார்க்கட்டி 6, விதை 6 வகை, உயிர் உரம் 400 கிராம், வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேப்பெண்ணெய்ச் சத்துள்ள பூச்சி மருந்து 100 மில்லி, ஒரு கையேடு. நார்க்கட்டிதான் கனமானது, குறைவதும் அதுதான். உயிர் உரப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர். தேதி கடந்தாலும் வெயிலில் கிடந்தாலும் அது வெறும் கறுப்புத் தூள். கையெழுத்துப் போட்டபின் குறை சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

இலக்கை முடிக்க மார்ச்சில் தளை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தக்காளி விதையைத் தொடாதீர்கள். மார்ச்சில் விட்ட நாற்று மே மாதத்தில் பூக்கும். பகல் வெப்பம் 35 டிகிரி தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். தருமபுரி வெயிலில் வெண்டையும் கொத்தவரையும் தாங்கும், அவற்றை முதலில் போடுங்கள். தக்காளி, கத்தரியை ஆடிப்பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், விதை லேபிளில் உள்ள கெடு அதுவரை தாண்டாமல் இருந்தால். முதல் லேபிளின் கெடு பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம். ஓசூர், தளிப் பக்கம் குளிர்ச்சி என்பதால் அங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை.

தளையில் இல்லாத ஒன்று எரு. பைக்கு 10 கிலோ மக்கிய சாண எரு என்றால் ஆறு பைக்கு 60 கிலோ. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெறும் நாரில் நட்டால் செடி இருபதாம் நாளில் வெளுக்கும், ஏனென்றால் நார் ஈரத்தைப் பிடிக்குமே தவிரச் சத்து தராது. பச்சைச் சாணி போட்டால் சூடேறி வேர் வெந்துவிடும். கட்டியைப் பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, வடியும் பழுப்புத் தண்ணீரை இரண்டு முறை கொட்டுங்கள், உப்பு போகும். பிறகு எருவும் உயிர் உரமும் டிரைக்கோடெர்மாவும் கலந்து, வாயில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, ஏழு முதல் பத்து நாள் ஈரமாக வைத்துவிட்டு விதையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்று விட்டுத்தான் நடவேண்டும். வெண்டை, கொத்தவரை, கீரையை நேரடியாக ஊன்றலாம்.

பையைச் செங்கல் மேல் வையுங்கள். அடியில் ஓட்டை இல்லையென்றால் நான்கு குத்துங்கள். தளத்தில் ஈரம் ஊறினால் வீட்டுக்காரர் செடியோடு சேர்த்து உங்களையும் காலி பண்ணச் சொல்வார். நம் பக்கத்து போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பை விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டினால், மழைத் தண்ணீரைப் பிடித்து அடியில் வழியும் வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

விதைக்கும் முன் ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம், மிளகாய்க்கு 60. பத்துக்கு மூன்று, நான்குதான் முளைக்கிறதென்றால் விதை பழசு. எல்லாவற்றையும் மண்ணில் கொட்டிவிடாமல், மீதியை லேபிளும் ரசீதுமாகக் கொடுத்த அலுவலகத்துக்கே கொண்டுபோய், மாற்றுப் பொட்டலம் கேட்டு எழுத்தில் கொடுங்கள்.