புது பட்ஜெட் டேப்லெட் ஐபேடோடு போட்டி போடுமா? சர்வீஸ் மேசையிலிருந்து ஒரு பதில்

போன மாதம் ஒரு அக்கா கடைக்கு வந்தார். துணிப்பைக்குள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் டேப்லெட். "தம்பி, வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆச்சு. ஆன் பண்ணி வெச்சிட்டுப் போய் டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் அப்பத்தான் முழிக்குது" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். அதில் பாதிக்கு மேல் சிஸ்டமே உட்கார்ந்திருந்தது. மீதியை வாட்ஸ்அப் வீடியோக்களும் பாட வீடியோக்களும் நிரப்பிவிட்டன. காலி இடம் 400 எம்பி. போர்டு நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, டச் வேலை செய்கிறது. பழுது என்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம். இதில் எதை மாற்றுவது?

கிளம்பும்போது அவர் கேட்டது: "புதுசா ஒண்ணு வந்திருக்காமே, பன்னிரண்டாயிரம்தானாம். ஐபேட் மாதிரியே இருக்குமாம். வாங்கலாமா?"

ஒவ்வொரு புது மாடல் வரும்போதும் யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். உலகத்தில் விற்கும் டேப்லெட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஐபேட். அதனால் புதிதாக வருகிற எதையும் அதோடுதான் வைத்துப் பார்க்கிறார்கள். கடை கவுண்டரில் பத்து நிமிடம் தடவிப் பார்க்கிற வரைக்கும் போட்டி நிஜம்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய் டேப்லெட்டிலேயே இப்போது 11 அங்குலத் திரை, 90 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 90 தடவை புதுப்பிக்கும்), நான்கு ஸ்பீக்கர் கிடைக்கிறது. 2025 மார்ச்சில் 34,900 ரூபாய்க்கு வந்த சாதாரண ஐபேடில் 60 ஹெர்ட்ஸ், இரண்டு ஸ்பீக்கர்தான். பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் படித்தால் மலிவானதுதான் ஜெயிக்கும்.

என் மேசைக்கு வருவது பத்தாவது நிமிடத்து டேப்லெட் இல்லை, இருபதாவது மாதத்து டேப்லெட். அங்கே கதை வேறு.

முதலில் ஸ்டோரேஜ். எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்கிறார்கள், என்ன வகை என்று யாரும் கேட்பதில்லை. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற சிப் இருக்கும். ஒரு நேரத்தில் படிக்கும், இல்லாவிட்டால் எழுதும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. ஒற்றைப் பாலம் மாதிரி, இந்தப் பக்க வண்டி வந்து முடிந்தால்தான் அந்தப் பக்க வண்டி போகலாம். யுஎஃப்எஸ் வகையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். புதிதாக இருக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப இஎம்எம்சி திணறும். அந்த அக்காவின் டீக்கதை அதுதான்.

பெரிய கம்பெனிகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2012இல் கூகுள் 199 டாலருக்கு நெக்ஸஸ் 7 கொண்டுவந்தது. நல்ல திரை, நல்ல விலை. அப்போதைய புது ஐபேட் 499 டாலரில் தொடங்கியது. அந்த வருடமே ஆப்பிள் 329 டாலருக்கு ஐபேட் மினியை இறக்கியது. ஆக, மலிவான டேப்லெட் பெரிய ஆளை அசைக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதே நெக்ஸஸ் 7, ஸ்டோரேஜ் நிரம்பியதும் படுத்துக்கொள்கிறது என்ற புகார் சீக்கிரமே எழுந்தது. அழித்த கோப்புகளின் இடம் காலி என்று சிஸ்டம் சிப்புக்குச் சொல்லி, அதைக் கூட்டிப் பெருக்கவைக்கும் ஏற்பாடு 2013இல் ஆண்ட்ராய்டு 4.3 அப்டேட்டில்தான் வந்தது.

நம் நாட்டு ஆகாஷ் ஞாபகம் இருக்கிறதா? 2011 அக்டோபரில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் வெளியிட்ட மாணவர் டேப்லெட். அரசுக்கு ஒன்று 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், 2100 எம்ஏஎச் பேட்டரி. டச் திரை விரலால் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேப்பர் எல்லாம் கொண்டாடியது. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் எது அடங்குமோ அதைப் போட்டால் என்ன வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். "4+8 ஜிபி ரேம்" என்று போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 4 மட்டும். அந்த 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. மெதுவான இஎம்எம்சியிலிருந்து வாங்கிய கடன் என்னத்துக்கு ஆகும்? அப்புறம், ஆன்லைனில் முன்பின் கேள்விப்படாத பெயரில் ஆறாயிரத்துக்கு "12 ஜிபி ரேம், 512 ஜிபி" என்று வருபவை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாலும் 512 என்றுதான் காட்டும். காட்டும்படி எழுதி வைத்திருப்பார்கள். நான் செய்வது, பெரிய படங்களாக வரிசையாகக் காப்பி செய்துகொண்டே போவது. இருபது, முப்பது ஜிபி தாண்டியதும் கோப்புகள் திறக்க மறுக்கும். அப்படி ஒன்றோடு வந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாம். டேப்லெட்டிலோ பெட்டியிலோ பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஆர் எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

வீட்டில் படம் பார்க்கத்தான் என்றால் வைட்வைன் எல்1 இருக்கிறதா என்று கேளுங்கள். பட ஆப்கள் திருட்டுக் காப்பியைத் தடுக்கப் பார்க்கும் பாதுகாப்பு நிலை அது. எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃப்ளிக்ஸ் 480பி தரத்தைத் தாண்டாது. திரை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் ஓடும்.

ஸ்பேர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பட்ஜெட் டேப்லெட்டுகள் பலவற்றில் டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்து ஒட்டிய கோம்போதான். கீழே விழுந்து மேல் கிளாஸ் மட்டும் விரிசல் விட்டாலும் மொத்தமாக மாற்ற வேண்டும். அந்த மாடல் சந்தையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டால் கோம்போவுக்கு அலைய வேண்டும். சாதாரண ஐபேடில் டச் கிளாஸ் தனி, டிஸ்ப்ளே தனி. சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரமாக விட்டு, பசையை நூல் நூலாக இழுத்து எடுத்தால் கிளாஸை மட்டும் மாற்றிவிடலாம். ஹோம் பட்டன் உள்ள மாடலில் அந்தப் பட்டனைப் பழைய கிளாஸிலிருந்து அப்படியே கழற்றிப் புதியதில் வைக்க வேண்டும். அது போர்டோடு ஜோடி சேர்ந்தது. அதன் பட்டை கேபிள் கிழிந்தால் வேறு பட்டன் போட்டாலும் கைரேகை வேலை செய்யாது. மாற்றும் ஆளிடம் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றுவது இதுதான்: புது பட்ஜெட் டேப்லெட்டுக்கு நிஜமான போட்டி புது ஐபேட் இல்லை, பழைய ஐபேட். 2014இல் வந்த ஐபேட் ஏர் 2, 2021இன் ஐபேட்ஓஎஸ் 15 வரைக்கும் அப்டேட் வாங்கியது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட், 2025இன் ஐபேட்ஓஎஸ் 26ஐயும் வாங்கியிருக்கிறது. பட்ஜெட் டேப்லெட்டுகள் பலவற்றில் ஒன்றிரண்டு பெரிய அப்டேட் வந்தாலே அதிகம். பன்னிரண்டாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்தால் கைமாறி வந்த ஒன்பதாம் தலைமுறை கிடைக்கும் என்றால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

அதிலும் ஒரு குழி இருக்கிறது. பழைய ஐபேட் வாங்கும்போது விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, மறுபடி ஆன் ஆகி "ஹலோ" வரும் வரை காத்திருங்கள். பிறகு வைஃபையில் சேர்த்து, பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்கவில்லை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். "பாஸ்வேர்டு வீட்டுல இருக்கு, சாயங்காலம் அனுப்புறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய கணக்கின் லாக்கை எடுக்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன். கிளாஸ் ஓரத்தில் எழும்பியிருந்தாலும் வேண்டாம். உள்ளே பேட்டரி உப்பியிருக்கும்.

எல்லோருக்கும் பழைய ஐபேடும் தேவையில்லை. சின்னப் பிள்ளைக்குக் கார்ட்டூன், தாத்தாவுக்கு நியூஸ், கடைக்கு பில் போட என்றால் நல்ல கம்பெனியின் பட்ஜெட் டேப்லெட் தாராளமாகப் போதும். 4 ஜிபி ரேம், 64 ஜிபிக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

அந்த அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பழைய ஐபேட் ஒன்று பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். வீடியோக்களை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, தேவையில்லாத ஆப்களைத் தூக்கி, ரீசெட் அடித்துக் கொடுத்தேன். ஆன் ஆக இப்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. காசு கொடுத்துவிட்டுப் பையில் வைத்தவர், "பரீட்சை முடியட்டும் தம்பி, அப்புறம் அந்தப் பழைய ஐபேட் ஒண்ணு பார்த்துச் சொல்லு" என்று போயிருக்கிறார். இப்போதைக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் ஹோம் பட்டன் கைரேகை எடுக்காது. அவருக்கு அதைக் காட்டப்போவதில்லை.