பாட்டுப் படம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது குழந்தை. எட்டரை வயதுச் சிறுமி. இரண்டு வாரமாகக் காலையில் எழுந்தவுடன் வயிற்றுவலி. குழந்தை மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உடலில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதி மனநல ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பியிருந்தார். விடுமுறை நாளில் மட்டும் வலி வருவதில்லை என்று தாய் சொன்னபோதே பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். இடைவேளையில் தோழிகள் நான்கு பேருக்கு ஒரு படத்தில் பார்த்த பாட்டையும் அதற்குரிய ஆட்டத்தையும் அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாட்டில் ஒரு வரி. அந்த வரிக்கு இடுப்பை அசைத்து ஒரு சைகை. ஆசிரியை பார்த்துவிட்டார். வகுப்பின் முன்னால் நிறுத்தி, "இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலையே மற்றப் பெற்றோர்களுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் அந்த நான்கு பேரும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தான் என்ன தவறு செய்தோம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. "நான் சரியாகத்தானே ஆடினேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

தந்தைக்கு மனம் ஆறவில்லை. "கண்ட படத்தையும் நாங்கள் காட்டுவதில்லை, டாக்டர். சண்டைப் படம், பேய்ப் படம் எதுவும் கிடையாது. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடி ஆடுகிற படம்" என்றார். அவர் அக்கறையில்லாத தந்தை அல்லர். மற்ற இரு குழந்தைகளின் பெற்றோரும் அப்படித்தான். நல்லது பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக நம்புகிறவர்களே என் அறைக்கு வருகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதின்பருவத்தினரைப் பற்றிய படம் வேறு, பதின்பருவத்தினருக்கான படம் வேறு, குழந்தைகளுக்கான படம் வேறு. மூன்றிலும் பள்ளிக்கூடம் வரும், சீருடை வரும், பாட்டு வரும், கூட்டமாக ஆடுவார்கள். சுவரொட்டியைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். 2006இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'ஹை ஸ்கூல் மியூசிகல்' அமெரிக்காவில் எல்லா வயதினருக்கும் ஏற்றது என்ற டிவி-ஜி குறியீட்டுடன் வெளிவந்தது. 1978இல் வந்த 'கிரீஸ்' படமும் பள்ளி மாணவர்களின் காதல், பாட்டு, நடனம்தான். அதில் ஒரு மாணவி தான் கருவுற்றிருப்பதாக அஞ்சுகிறாள். ஒரு காரைப் பற்றிய துள்ளலான பாட்டு முழுவதும் இரட்டைப் பொருளும் கொச்சையும். புகையும் மதுவும் சாதாரணமாக வந்து போகின்றன. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது உங்கள் தொலைக்காட்சித் திரை. 'கிரீஸ்' மோசமான படம் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்துப் பேச அதில் நிறைய இருக்கிறது. எட்டு வயதுக்கு அதில் என்ன வேலை என்றுதான் கேட்கிறேன்.

"சான்றிதழ் பார்த்துவிட்டுத்தான் போட்டோம்" என்பார்கள். நல்லது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். 'கிரீஸ்' அமெரிக்காவில் பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டுதல் நல்லது என்ற சான்றிதழுடன் வந்தது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரைக் கூடுதலாக எச்சரிக்கும் பிஜி-13 என்ற பிரிவே 1984இல்தான் அங்கே உருவானது. பழைய படத்தின் மேல் ஒட்டியிருக்கும் பழைய சான்றிதழ், அந்தக் காலத்தில் இருந்த சில பெட்டிகளுக்குள் எது பொருந்தியதோ அதைத்தான் சொல்லும். கத்திச் சண்டையும் கொலையும், ஒரு பெண்ணைக் கூட்டமாகச் சூழ்ந்து துன்புறுத்தும் காட்சியும் உள்ள 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961இல் வந்தபோது அமெரிக்காவில் வயதுவாரிப் பிரிவுகளே கிடையாது. அவை 1968இல்தான் வந்தன.

இன்னொன்று, பெரும்பாலான சான்றிதழ்கள் முடிவை உங்களிடமே விட்டுவிடுகின்றன. பிரிட்டனில் 2002 முதல் உள்ள 12ஏ, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவருடன் திரையரங்குக்கு வரலாம் என்கிறது. இந்தியாவில் 2024 விதிகளின்படி யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அந்த வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோரின் வழிகாட்டுதல் வேண்டும் என்பது அதன் பொருள். வழிகாட்டுதல் என்றால் பக்கத்து இருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று எந்த நாட்டு விதியும் சொல்லவில்லை. அந்தக் குறியீடு உங்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல், "அரசாங்கமே அனுமதித்திருக்கிறதே" என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

இனி, என்னை மிகவும் வருத்தும் ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். "அவளுக்கு அதெல்லாம் புரியாது, டாக்டர்."

எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. புரியாவிட்டால் பாதிப்பில்லை என்று யார் இவர்களுக்குச் சொன்னார்கள்? குழந்தைக்குப் பொருள் புரியாது, சரி. ஆனால் அதைச் சொன்னபோது திரையில் எல்லோரும் சிரித்தது தெரியும். உங்கள் முகம் ஒரு நொடி மாறியது தெரியும். அந்த வரியைப் பாடியவளை மற்றவர்கள் வியந்து பார்த்தது தெரியும். பொருள் மட்டும் உள்ளே போகவில்லை. அதைச் சுற்றியிருந்த அத்தனையும் போய்விட்டது. பொருள் இருந்த இடம் காலியாகக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். தனக்குத் தெரிந்ததை வைத்துக் குழந்தை அதை நிரப்பும். கருவுற்றதாக அஞ்சும் மாணவியைத் திரையில் பார்த்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பையன் கையைப் பிடித்தால் குழந்தை பிறந்துவிடும் என்று முடிவு செய்து, வகுப்பில் வட்டமாகக் கைகோத்து நிற்கவே மறுத்தாள். அவள் ஏன் அழுகிறாள் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு அமர்வுகள் ஆயின. அவளுடைய தாயும் முதல் நாளில் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்: அவளுக்குப் புரியவில்லை.

புரிந்திருந்தால் அவள் பயந்திருக்கவே மாட்டாள்.

பொருள் புரிந்த பிள்ளைக்கு எதை எங்கே சொல்லக்கூடாது என்பதும் தெரியும். பதினாறு வயதுப் பெண் அந்தச் சைகையை ஆசிரியை முன்னால் செய்ய மாட்டாள். புரியாத குழந்தைதான் நடுமுற்றத்தில் நின்று, முகம் மலர, ஊரறியச் செய்யும். அடி வாங்குவதும் அவமானப்படுவதும் அந்தக் குழந்தைதான். ஆகவே 'புரியாது' என்பதைக் காட்டலாம் என்பதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். காட்டக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சாதாரணப் படத்துக்கும் பாட்டுப் படத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டையும் பெற்றோர்கள் கவனிப்பதில்லை. படத்தைக் குழந்தை ஒருமுறையோ இருமுறையோ பார்க்கும். பாட்டை இருநூறு முறை கேட்கும். காரில், குளியலறையில், வீட்டுப்பாடம் எழுதும்போது. இப்படிப்பட்ட படங்களில் ஆசையைப் பாட்டாகப் பாடுவார்கள். அதன் விளைவை வசனத்தில் சொல்லுவார்கள். குடித்துக் கும்மாளமிடுவது அருமையான மெட்டில் நான்கு நிமிடம். மறுநாள் அதற்காகத் தலைகுனிந்து வருந்துவது ஓரிரு வரி வசனம். பிறரை இழிவுபடுத்தும் கூட்டத்துக்குத்தான் பெரும்பாலும் படத்தின் மிகத் துடிப்பான பாட்டு அமையும். மன்னிப்புக் கேட்கும் காட்சிக்கு மெட்டு இருப்பதில்லை. பெரியவர்கள் இரண்டையும் சேர்த்து எடைபோடுவோம். வீட்டில் திரும்பத் திரும்ப ஒலிப்பதோ முதல் பாதி மட்டும். சான்றிதழ் கொடுத்தவர்கள் முழுப் படத்தையும் பார்த்துக் கொடுத்தார்கள். உங்கள் குழந்தை முழுப் படத்தோடு வாழவில்லை.

(என் தொழிலில் பழகிய பழக்கம் ஒன்று: புதிதாக வரும் குழந்தையிடம் பிடித்த படம் எது என்று கேட்பதில்லை. வாயில் அடிக்கடி வரும் பாட்டு எது என்று கேட்பேன். உடனே பாடிக் காட்டிவிடும்.)

உடலைப் பற்றிய கவலையுடன் வரும் சிறுமிகளின் வயது குறைந்துகொண்டே வருவதை என் அறையில் பார்க்கிறேன். பதினோரு வயதுப் பெண் இடுப்பளவைச் சொல்லி அழுகிறாள். திரையில் பள்ளி மாணவிகளாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவிகள் அல்லர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 'கிரீஸ்' படமாக்கப்பட்டபோது நாயகிக்கு வயது 28. தோழியாக நடித்தவருக்கு 33. இன்றும் இருபது வயதைத் தாண்டியவர்களே பதினாறு வயது வேடத்தில் ஆடுகிறார்கள். முழுதாக வளர்ந்த, பல ஆண்டு நடனப் பயிற்சி பெற்ற உடலோடு பதினோரு வயது உடலை ஒப்பிட்டுப் பார்த்து அந்தக் குழந்தை தோற்றுப்போகிறாள். அதே படத்தின் முடிவில் நாயகி தன் உடையையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு, கையில் சிகரெட்டுடன் வந்து நிற்கிறாள், எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நாயகனும் ஓரளவு மாற முயல்கிறான், உண்மை. குழந்தைகளின் நினைவில் நிற்பது அவளுடைய மாற்றம் மட்டும்தான்.

புகையைப் பற்றி விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். திரையில் புகைப்பதைப் பார்ப்பது இளையோர் புகைக்கத் தொடங்குவதற்குக் காரணமாகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கையே முடிவு கூறியிருக்கிறது. தற்கொலை வரும் படமானால், பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். அதற்கு மேலும் நீங்கள் முதலில் பார்க்காமல் வேண்டாம். சாவுக்குப் பின் எல்லோரும் அவனுக்காகப் பாடுகிறார்கள், எல்லோரும் அவனை நேசித்தார்கள் என்று கதை போனால், வீட்டில் ஏற்கெனவே மனம் சோர்ந்த பிள்ளை இருந்தால், அந்தப் படத்தை அறவே தள்ளிவையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் படமெடுப்பவர்களுக்கென்றே இதைப் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது என்றால் விஷயம் எவ்வளவு தீவிரமானது என்று யோசியுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? படத்தை முதலில் நீங்கள் பாருங்கள். டிரெய்லர் போதாது; அது விற்பதற்காக வெட்டப்பட்டது. இரண்டு மணி நேரம் இல்லையென்றால் குறைந்தது பாட்டுகளையும் கடைசி இருபது நிமிடத்தையும் பாருங்கள். யார் ஜெயிக்கிறார்கள், எதை விட்டுக்கொடுத்து ஜெயிக்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. பாட்டு வரிகளைத் தனியே எடுத்து, மெட்டில்லாமல், சாதாரணப் பேச்சாக வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் குழந்தையின் முன்னால் ஒரு வாக்கியமாகச் சொல்லக் கூசுகிற வரி, மெட்டோடு வந்தாலும் அதே வரிதான். வேற்றுமொழிப் படமென்றால் மொழிபெயர்த்துப் பாருங்கள். மொழி தெரியாததால் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். சைகைக்கு மொழி கிடையாது.

வீட்டில் பதினான்கு வயதும் எட்டு வயதும் இருந்தால், தயவுசெய்து மூத்தவளின் படத்துக்குச் சின்னவளை ஒட்டவைக்காதீர்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைப்பது உங்களுக்கு வசதி, அவ்வளவுதான். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டும் வசதியை நிறுத்திவையுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்களுக்குத் தடை போடுவதைவிடக் கூட உட்காருவது நல்லது. தடை போட்டால் தோழி வீட்டில் பார்ப்பார்கள். அங்கே கேள்வி கேட்க உங்களைப் போல் ஒருவர் இருக்க மாட்டார்.

ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா? திட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். "கதையை எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். எதை முதலில் சொல்கிறார்கள், எந்த இடத்தில் குரல் தணிகிறது, எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும், வயதுக்கேற்ற நேரான பதில் சொல்லுங்கள். காலை வயிற்றுவலி, தூக்கத்தில் விழித்தழுவது, பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்தச் சிறுமியின் தந்தையிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். அந்தச் சைகை பெரியவர்களுடையது, அதை உனக்குக் காட்டியது எங்கள் தவறு, நீ கெட்ட பிள்ளை இல்லை என்று அவரே அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் டீச்சரிடமும் சொல்வீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்குப் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தார். இந்த வாரம் மூன்று நாள் வயிற்றுவலி இல்லை. நான்கு தோழிகளில் ஒருத்தி மறுபடியும் அவள் பக்கத்தில் உட்காருகிறாள்.