பாஸ் அவுட்: படித்து முடித்தாரா, மயங்கி விழுந்தாரா?

"நான் 2012இல் பாஸ் அவுட் ஆனேன்" என்று நம்மூர் பொறியியல் பட்டதாரி சொன்னால், அமெரிக்காக்காரர் பதறிப்போய், "அப்புறம் எப்போது கண் விழித்தீர்கள்?" என்று கேட்டாலும் கேட்பார். அவருக்கு பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதும் அதுதான். வகுப்பில் வினாத்தாளை எல்லாருக்கும் கொடுப்பதற்கும் இதே சொல் உண்டு. 'அவுட்'டை 'அவே' ஆக்கினாலோ ஆளே காலமாகிவிடுவார்!

சரி, நம்மவர் சொல்வது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்சி முடித்து வெளியே வருவதை பிரிட்டிஷ் ராணுவத்தில் பாஸ் அவுட் என்றுதான் சொல்கிறார்கள். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் பாஸிங் அவுட் பரேடும் அந்த வழக்குதான். நம் நாளிதழ்கள் அதைப் 'பயிற்சி நிறைவு அணிவகுப்பு' என்று அழகாக எழுதுகின்றன. இந்திய ஆங்கிலத்தில் கல்லூரிக்கும் அது செல்லும், அவ்வளவுதான். ஆனாலும் வெளிநாட்டு வேலைக்கு பயோடேட்டா அனுப்பும்போது 'கிராஜுவேட்டட்' என்று போடுவதே நல்லது.

பாஸ் என்பதன் வேர், காலடியைக் குறிக்கும் 'பாஸுஸ்' என்ற லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1932இல் தொடங்கிய டேராடூன் ராணுவ அகாடமியில், அணிவகுப்பின் முடிவில் பயிற்சி வீரர்கள் தாண்டிச் செல்லும் இடத்துக்கு 'அந்திம் பக்' என்று பெயர். அதாவது கடைசி அடி. அகராதியைப் புரட்டிப் பார்த்துப் பெயர் வைத்தது போல அப்படியொரு பொருத்தம்!

தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. விழுந்தவரை 'மயங்கி விழுந்தார்', 'நினைவு தப்பியது', 'மூர்ச்சையானார்' என்போம். பேச்சில் 'மயக்கம் போட்டுட்டாரு'. படித்தவருக்குப் 'படிப்பை முடித்தார்', 'பட்டம் பெற்றார்', 'தேறினார்'. இந்தத் 'தேறினார்' சுவையான சொல். பரீட்சையில் வென்றவரும் தேறினார், படுக்கையிலிருந்து எழுந்தவரும் தேறினார். ஆங்கிலத்தில் பாஸ் அவுட் ஆனவர் விழுந்து கிடக்க, தமிழில் தேறியவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நாலு அரியரோடு கல்லூரியை விட்டு வந்தவரும் தன்னை 'பாஸ் அவுட்' என்றே சொல்லிக்கொள்கிறார். அவரைத் 'தேறினார்' என்று எழுத முடியாது. இப்போதைக்குக் 'கல்லூரியை விட்டு வந்தார்' என்றுதான் எழுத வேண்டும்.