ஹம்மிங் நிற்பதற்காக எர்த் வயரை வெட்டாதீர்கள்

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை ஒன்றிலிருந்து சென்ற வாரம் பழுதுபார்க்க வந்த ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கைத் திறந்தபோது, பச்சை நிற எர்த் வயர் அடியோடு வெட்டப்பட்டு, அதன் முனை கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தானாக அறுந்த வயர் அப்படி இருக்காது. தெரிந்தே, கவனமாகச் செய்த வேலை அது. கேட்டதற்கு, "ஏனுங்க, போனை மாட்டிப் பாட்டுப் போட்டா கொர்ருனு ஒரே ஹம்மிங்குங்க. எர்த்தை எடுத்துட்டா நின்னுருதுங்க" என்றார் கொண்டுவந்தவர். ஆனால் அவர் வந்தது வேறு குறைக்காக. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதாம். இரண்டும் ஒரே விஷயம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இதே கதையோடு செட்டுகள் வந்துகொண்டிருப்பதால், இனியும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று இதை எழுதுகிறேன்.

ஹெட்போன் துளை உள்ள போனையோ, பாட்டு கேட்கும் சிறிய பிளேயரையோ வீட்டு ஸ்டீரியோவோடு இணைப்பது எளிய வேலைதான். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. பின்களும் உள்ள வயர் போதும். ஆக்ஸ், சிடி, டேப் இன் என்று எழுதியிருக்கும் எந்தத் துளையிலும் செருகலாம். ஃபோனோ என்று எழுதிய துளை மட்டும் கூடாது. அது ரெக்கார்ட் பிளேயரின் ஊசி தரும் சில மில்லிவோல்ட் சிக்னலைப் பெரிதாக்குவதற்கென்றே அமைந்தது, அதில் போனைச் செருகினால் பாட்டு கிழிந்துதான் கேட்கும். ஹெட்போன் துளையிலிருந்து வரும் பவர் ஆம்ப்ளிஃபையரைக் கருக்கிவிடும் என்று அஞ்சுபவர்கள் அந்த அச்சத்தை விட்டுவிடலாம். இன்புட்டின் மின்தடை பொதுவாகப் பத்தாயிரம் ஓம்முக்கு மேல் இருப்பதால், அங்கே ஓடும் கரண்ட் பெயரளவுக்கே.

இனி ஹம்மிங்குக்கு வருகிறேன். எர்த்தை எடுத்தால் ஹம்மிங் நிற்கிறது என்பது உண்மை. அந்த உண்மைதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. எர்த் வழியாகத்தான் இரைச்சல் உள்ளே வருகிறது, ஆகவே எர்த்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. சார்ஜரில் மாட்டியிருக்கும் போன் 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து முழுமையாக விலகி நிற்பதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக மிகக் குறைந்த அளவு கரண்ட் கசிந்து போனுக்கு வருகிறது. தரமற்ற சார்ஜர் என்றால் கசிவு கூடுதலாக இருக்கும். அந்தக் கசிவு பூமிக்குப் போக வழி தேடும்போது, ஆக்ஸ் வயரின் வெளிச்சுற்றுக் கம்பியில் ஓடி, ஆம்ப்ளிஃபையரின் எர்த் வழியே இறங்குகிறது. பாட்டின் சிக்னலும் அதே கம்பியைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், ஓடுகிற கசிவு பாட்டோடு கலந்து ஸ்பீக்கரில் ஹம்மிங்காகக் கேட்கிறது. எர்த்தை வெட்டியவுடன் இறங்கும் வழி அடைபடுகிறது, சத்தமும் நிற்கிறது. ஆனால் கசிவு எங்கும் போய்விடவில்லை; கேபினெட்டின் மேலேயே தங்கியிருக்கிறது. கையை வைத்தால் சுர்ரென்று இழுப்பது அதுதான்.

சுர்ரென்ற அந்த இழுப்பு கூடப் பெரும்பாலும் உயிரை எடுக்காது. நான் அஞ்சுவது அடுத்த கட்டத்தை. நம் பகுதியில் அசெம்பிள் செய்து விற்கும் செட்டுகளில் பெரும்பாலானவை இரும்புக் கேபினெட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கட்டியவை. பல வருடம் ஓடிய டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஒரு நாள் கருகினால், அல்லது ஸ்விட்சில் சாலிடர் விட்டுப்போன, கரண்ட் வரும் ஃபேஸ் வயர் நழுவிக் கேபினெட்டில் பட்டால், எர்த் இருக்கும் வீட்டில் ஃபியூஸ் போகும் அல்லது டிரிப்பர் விழும். எர்த் இல்லாத வீட்டில் எதுவும் விழாது; செட் எப்போதும்போலப் பாடிக்கொண்டிருக்கும், கேபினெட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். கேபினெட்டோடு சேர்ந்திருப்பது ஆக்ஸ் வயரின் வெளிக்கம்பி, அந்தக் கம்பியோடு சேர்ந்திருப்பது பாட்டை மாற்றுவதற்காக ஒரு குழந்தை கையில் எடுக்கும் போன். பச்சை வயரை வெட்டுகிறவர்கள் இந்த வரிசையை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹம்மிங் வந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியில் மட்டும் ஓடும் பிளேயருக்கு மின்சார லைனோடு தொடர்பே இல்லாததால் இரைச்சல் பெரும்பாலும் அப்போதே நின்றுவிடும். அதன்பிறகும் வந்தால் வயரின் வெளிக்கம்பி பின்னுக்குள் விட்டுப்போயிருக்கலாம், வேறு வயர் போட்டுப் பாருங்கள். பிளேயரின் வால்யூமைக் குறைத்து வைத்து ஆம்ப்ளிஃபையரைத் திருகும் பழக்கத்தையும் விடுங்கள். பாட்டோடு சேர்த்து இரைச்சலையும்தான் அது பெரிதாக்குகிறது. பிளேயரை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, ஆம்ப்ளிஃபையரைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். வயரைச் செருகும்போதும் உருவும்போதும் வால்யூம் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். அப்போது எழும் 'டப்' சத்தத்தில் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கர்) பழுதாகி என்னிடம் வருகிறவர்களும் உண்டு.

கம்ப்யூட்டரையோ கேபிள் செட்டாப் பாக்ஸையோ இணைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சார்ஜர் வைத்தியம் உதவாது, ஏனெனில் அவற்றுக்கு வேறொரு வழியாக எர்த் தொடர்பு இருக்கும், இரண்டு எர்த்துக்கும் நடுவே வயரில் கரண்ட் சுற்றும். அதற்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இடது, வலது ஒலிக்கு ஒவ்வொன்றாக இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ளே இருக்கும். பாட்டு மட்டும் காந்தத்தின் வழியே கடக்கும், கம்பித் தொடர்பு அறுந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலிவானவற்றில் பாட்டின் பேஸ் (தாழ்ந்த ஒலி) சற்றுக் குறையும், பொறுத்துக்கொள்ளலாம். அறுக்க வேண்டிய இடம் அந்தச் சிக்னல் வயர்தான், மின்சார வயர் அல்ல.

கம்பெனியிலிருந்தே இரண்டு பின்னோடு வரும் செட்டுகளைப் பற்றி நான் சொல்லவில்லை. பின்பக்கம் கட்டத்துக்குள் கட்டமாக ஒரு குறி இருந்தால், அது இரட்டை இன்சுலேஷன் உள்ளது என்று பொருள். அதற்கு எர்த் தேவையில்லை. இரும்புக் கேபினெட் செட்டுக்குத் தேவை.

எர்த்தை மீண்டும் இணைத்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது, சுவரில் இருக்கும் துளையில் எர்த் உண்மையிலேயே இருக்க வேண்டும். சில வீடுகளில் எர்த் பின்னை நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகும் வயரோடு) பாலம் போட்டு வைத்திருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கேபினெட் முழுவதும் கரண்ட் ஏறிவிடும், இதைச் செய்யும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். பாறையும் வறண்ட மண்ணுமான நம் காட்டுப் பக்கங்களில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவதும் உண்டு. விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள், குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள், சர்க்யூட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்று அவர் சொன்னால், சரிசெய்யும்வரை அந்த ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைக் கழற்றியே வைத்திருங்கள்.